பத்து ரூபாய் நாணயமும் பச்சை ஓரமும்: 50 எம்எம் லென்ஸின் மங்கலைப் புரிந்துகொள்ள

"50 எம்எம் வாங்கப் போகிறேன், 1.8 வாங்கட்டுமா 1.4 வாங்கட்டுமா, எதில் பொக்கே அதிகம்?" புதிதாகக் கேமரா வாங்கிய யாரிடமிருந்தும் ஆறு மாதத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். (பொக்கே என்று அவர்கள் சொல்வது, ஆள் கூர்மையாகத் தெரிய, பின்னணி மங்கிப்போவதை.) என் அத்தை பையன் கேட்டபோது ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன், முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. காரணம், இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பின்னணி எவ்வளவு மங்கும்? அந்த மங்கல் பார்ப்பதற்கு எப்படி இருக்கும்? மங்கலின் ஓரத்தில் பச்சையோ ஊதாவோ வந்து ஒட்டிக்கொள்ளுமா? முதல் கேள்விக்கு லென்ஸின் பெயரோ விலையோ தேவையில்லை, ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போதும். மற்ற இரண்டுக்கும்தான் லென்ஸின் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். நாம் மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, 'பொக்கே' என்று மேலே எழுதி வைத்துவிடுகிறோம்.

சாக்கை அவிழ்ப்போம்.

முதலில் அந்த ஓட்டை

பிரைம் லென்ஸ் என்றால் ஜூம் ஆகாத லென்ஸ். கிட்டே தெரிய வேண்டுமென்றால் நாம்தான் நடந்து போக வேண்டும். பெயரில் வரும் 50 எம்எம் என்பது குவியத் தூரம், அதாவது வெகு தூரத்து ஒளியை லென்ஸ் எவ்வளவு தள்ளிக் குவிக்கிறது என்ற அளவு. அது சென்சாரின், அதாவது கேமராவுக்குள் படம் பதியும் சில்லின், மூலைவிட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அந்த லென்ஸை 'ஸ்டாண்டர்ட்' என்பார்கள். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அளவு 36க்கு 24 மி.மீ., மூலைவிட்டம் 43 மி.மீ. சொச்சம், அதனால் 50 எம்எம் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. அதைவிடச் சிறிய சென்சார் உள்ள 'கிராப் சென்சார்' கேமராவில் அதே வேலையை 35 எம்எம் செய்யும்.

லென்ஸின் முகப்பில் 1.8, 1.4 என்று எழுதியிருப்பது எஃப் எண். குவியத் தூரத்தை, ஒளி நுழையும் ஓட்டையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது. வகுத்தல் என்பதால்தான் எண் சிறுத்தால் ஓட்டை பெருக்கிறது, வேறு எந்த மர்மமும் இல்லை. 50ஐ 1.8ஆல் வகுங்கள்: 27.8 மி.மீ. நம்மூர் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. அதாவது உங்கள் 50 எம்எம் 1.8 லென்ஸ், முழுதாகத் திறந்திருக்கும்போது, ஒரு பத்து ரூபாய் நாணய அளவு ஓட்டை. இந்த நாணயத்தை மறக்காதீர்கள், கடைசி வரைக்கும் கூடவே வரும்.

எஃப் 1.4 என்றால் 35.7 மி.மீ., சின்ன எலுமிச்சம்பழத்தைக் குறுக்கே வெட்டினால் வரும் வட்டம். எஃப் 1.2 என்றால் 41.7. கேமராவோடு இலவசம் போல வரும் 18-55 கிட் லென்ஸை 55இல் வைத்தால் அதன் அதிகபட்சத் திறப்பு பெரும்பாலும் எஃப் 5.6, ஓட்டை 9.8 மி.மீ., ஒரு சட்டைப் பொத்தான். அப்புறம் செல்ஃபோன். "என் ஃபோனும் 1.8தானே, அப்புறம் ஏன் பின்னணி மங்குவதில்லை?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஃபோனின் முதன்மைக் கேமராவில் உண்மையான குவியத் தூரம் ஆறேழு மி.மீ. அளவில்தான் இருக்கும், அதை 1.8ஆல் வகுத்தால் மூன்றரையோ நான்கோ வரும், கொத்தமல்லி விதை. எண் ஒன்றுதான், ஓட்டை வேறு. (அதனால்தான் ஃபோன்கள் மென்பொருளை வைத்துப் பின்னணியை மங்கலாக்கி, போகிற போக்கில் காது மடலையும் சேர்த்து மங்கலாக்கிவிடுகின்றன.)

நாணயம் எப்படிப் படத்துக்குள் வருகிறது

இரவு நேரம், தெருவில் நண்பரை இரண்டு மீட்டர் தள்ளி நிற்கவைத்து, அவர் முகத்தில் ஃபோகஸ் செய்திருக்கிறீர்கள். தெருக்கோடியில், அவருக்கு வெகு பின்னால், ஒரு விளக்கு. அந்த விளக்கிலிருந்து நாலாபக்கமும் ஒளி போகிறது, ஆனால் நமக்கு வேண்டியது உங்கள் லென்ஸின் ஓட்டைக்குள் நுழையும் ஒளி மட்டும். விளக்கு அவ்வளவு தூரத்தில் இருப்பதால் அந்த ஒளி கிட்டத்தட்ட ஒரு நேரான குழாய் போல வருகிறது, குழாயின் தடிமன் உங்கள் ஓட்டையின் தடிமன். அந்தக் குழாய் நண்பரின் காதை ஒட்டிக் கடந்துதான் உங்களிடம் வந்து சேர்கிறது. கேமரா கூர்மையாகப் பார்ப்பது நண்பர் நிற்கும் தளத்தை. அந்தத் தளத்தில் இந்தக் குழாயை வெட்டிப் பார்த்தால் என்ன தெரியும்? 27.8 மி.மீ. வட்டம். படத்திலும் அதுதான் விழுகிறது: நண்பரின் காதுக்குப் பக்கத்தில் யாரோ ஒளிரும் பத்து ரூபாய் நாணயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல.

எனக்கு இது முதன்முதலில் புரிந்தபோது நம்பிக்கை வரவில்லை, படத்தைக் கணினியில் பெரிதாக்கி, முகத்தின் அகலத்தோடு வட்டத்தை அளந்து பார்த்தேன். சரியாகவே இருந்தது.

விளக்கு அவ்வளவு தொலைவில் இல்லாவிட்டால் அது குழாயாக வராது, புனல் போல வரும். விளக்கில் கூராகத் தொடங்கி, லென்ஸை அடையும்போது நாணய அளவுக்கு விரிந்த புனல். நண்பர் 2 மீட்டரிலும் பின்சுவர் 4 மீட்டரிலும் இருந்தால் அவர் நிற்பது புனலின் பாதி வழியில், ஆகவே பாதி நாணயம். சுவர் 3 மீட்டரில் என்றால் மூன்றில் ஒரு பங்கு, ஒன்பது மி.மீ.தான். சுவர் 10 மீட்டரில் என்றால் ஐந்தில் நான்கு பங்கு. ஆளைச் சுவரில் சாயவைத்து எடுத்துவிட்டு "இந்த லென்ஸில் மங்கலே வரவில்லை" என்று புலம்புகிறவர்கள் லென்ஸை மாற்ற வேண்டாம், ஆளை நாலு அடி முன்னால் கூப்பிட்டால் போதும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: மங்கலின் அளவை முடிவு செய்பவை ஓட்டையின் விட்டமும், ஆளும் பின்னணியும் நிற்கும் தூரங்களும் மட்டுமே. ஒரே தூரத்திலிருந்து, ஒரே எஃப் எண்ணில், எந்த நிறுவனத்தின் 50 எம்எம் ஆனாலும் மங்கலின் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். 1.8ஐ விட 1.4இல் வட்டம் சுமார் 28 சதவீதம் பெரிது. இல்லை என்று சொல்ல முடியாத வித்தியாசம், ஆனால் கொடுக்கும் கூடுதல் பணத்தை வைத்துப் பார்த்தால் நிறையப் பேர் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை.

இரண்டு பழைய குழப்பங்கள்

"கிராப் சென்சாரில் போட்டால் பொக்கே குறையும்" என்பது ஒன்று. லென்ஸைக் கழற்றி வேறு கேமராவில் மாட்டியதால் ஓட்டை சுருங்கிவிடாது. அதே 50 எம்எம் 1.8ஐ கிராப் சென்சாரில் மாட்டி, முகம் அதே அளவு தெரியக் கொஞ்சம் பின்னால் நகர்ந்தால், வெகு தூரத்து விளக்கு முகத்துக்குப் பக்கத்தில் இன்னும் அதே பத்து ரூபாய் நாணயம்தான். பின்னணி அதிகத் தூரமில்லை என்றால் மட்டும் நீங்கள் பின்னால் நகர்ந்ததால் கொஞ்சம் குறையும். அதே கோணம் வேண்டும் என்று 35 எம்எம் 1.8க்கு மாறினால்தான் உண்மையாகவே குறைகிறது, ஏனென்றால் அதன் ஓட்டை 19.4 மி.மீ.

இன்னொன்று, கூர்மையாகத் தெரியும் ஆழத்தையும் பின்னணி மங்கலையும் ஒன்றாக நினைப்பது. 50 எம்எம் எஃப் 2இலும் 100 எம்எம் எஃப் 2இலும், நகர்ந்து போய் முகத்தை ஒரே அளவில் எடுத்துப் பாருங்கள். மூக்கு நுனியிலிருந்து காது வரை எவ்வளவு கூர்மை என்பது இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆனால் தூரத்து விளக்கு முதல் படத்தில் 25 மி.மீ. வட்டம், இரண்டாவதில் 50 மி.மீ. வட்டம். மூக்கின் கதை வேறு, விளக்கின் கதை வேறு.

அளவு வேறு, குணம் வேறு

இப்போது பொக்கேவுக்கு வருவோம். கல்யாண மேடையில் கொடுக்கும் பூங்கொத்து இல்லை, இது ஜப்பானியச் சொல், மங்கல் என்று அர்த்தம். வயதானவர்களுக்கு நினைவு மங்குவதற்கும் அங்கே இதே சொல்லைப் பயன்படுத்துவார்கள். ஆங்கிலத்தில் இந்தச் சொல் பரவியது 1997இல், மைக் ஜான்ஸ்டன் என்பவர் ஆசிரியராக இருந்த ஒரு அமெரிக்கப் புகைப்பட இதழ் இதைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்ட பிறகு. அமெரிக்கர்கள் சரியாக உச்சரிக்க வேண்டுமே என்று கடைசியில் ஒரு 'எச்' சேர்த்தவரும் அவர்தான். அவர்கள் பேசியது மங்கலின் அளவைப் பற்றி இல்லை, குணத்தைப் பற்றி. "எதில் பொக்கே அதிகம்" என்று கேட்பது, எந்தக் கச்சேரியில் சுருதி அதிகம் என்று கேட்பது போலத்தான்.

குணம் என்றால் என்ன? நாணயத்தின் அளவை விட்டுவிட்டு நாணயத்தையே உற்றுப் பாருங்கள். அந்த ஒளி வட்டம் தோசைக்கல்லில் ஊற்றிய மாவு மாதிரி எல்லா இடத்திலும் சீராக இருக்கிறதா, அல்லது ஆப்பம் போல நடுவும் ஓரமும் வேறு வேறாக இருக்கிறதா? கண்ணாடியை உருண்டையாகத் தேய்த்துச் செய்த லென்ஸில், நடுவில் நுழையும் ஒளியும் விளிம்பில் நுழையும் ஒளியும் ஒரே புள்ளியில் சேராது. இதற்குக் கோளப் பிறழ்ச்சி என்று பெயர். வடிவமைப்பவர்கள் இதைச் சரிசெய்துதான் லென்ஸ் செய்கிறார்கள், ஆனால் எவ்வளவு சரிசெய்வது என்பதில்தான் குணம் பிறக்கிறது. கொஞ்சம் மிச்சம் வைத்தால், பின்னணி வட்டங்கள் நடுவில் பிரகாசமாகி ஓரத்தில் கரைந்துபோகும், ஆப்பம் மாதிரி. வட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து பின்னணி வழுவழுப்பாகும். மிதமிஞ்சிச் சரிசெய்தால் ஓரத்தில் ஒளி குவிந்து, ஒவ்வொரு வட்டமும் சோப்புக் குமிழி போல விளிம்பு கட்டி நிற்கும்.

விளக்கு வட்டத்தில் இந்த விளிம்பு அழகாகத்தான் இருக்கும், சொல்லப்போனால் சிலர் அதற்காகவே பழைய லென்ஸ் தேடி அலைகிறார்கள். தொல்லை எங்கே என்றால், பின்னணியில் மின்கம்பியோ வேப்பங்கிளையோ இருக்கும்போது. ஒரு கம்பி என்பது வரிசையாக அடுக்கிய புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியும் விளிம்பு கட்டிய வட்டமானால், கம்பியின் மேலும் கீழும் விளிம்புகள் சேர்ந்து இரண்டு கோடுகளாகிவிடும். ஒரு கிளை இரண்டு கிளையாகும், புல்தரை ஊசி ஊசியாகக் குத்தும், பின்னணி மங்கியிருந்தும் கண்ணை உறுத்தும். "மங்கியிருக்கிறது, ஆனாலும் ஏதோ சரியில்லை" என்று தோன்றும் பல படங்களில் நடந்திருப்பது இதுதான்.

வட்டத்தின் உருவத்தைக் கெடுக்கும் வேறு சிலவும் உண்டு. படத்தின் மூலைகளில் வட்டம் எலுமிச்சை போல நசுங்கித் தெரியும், பூனைக்கண் என்பார்கள். லென்ஸின் நீளமான உடம்பு சாய்வாக வரும் ஒளியின் ஒரு பகுதியை மறைப்பதால் வருவது, ஓட்டையைக் கொஞ்சம் சுருக்கினால் போய்விடும். ஆனால் சுருக்கும்போது ஓட்டையை மூடும் இதழ்களின் உருவம் தெரிய ஆரம்பிக்கும். கேனானின் பழைய 50 எம்எம் 1.8, அந்த 1990 மாடலில், ஐந்தே இதழ்கள், எஃப் 2.8இலேயே விளக்குகள் ஐங்கோணமாகிவிடும். 2015இல் வந்த அதன் வாரிசில் வளைவான ஏழு இதழ்கள், அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்தது. வட்டத்துக்குள் வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கியது போல வளையங்கள் தெரிந்தால், அது உருண்டையாக இல்லாமல் வேறு வளைவில் அச்சில் வார்த்த கண்ணாடியின் கைவேலை.

அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது

என் 50 எம்எம்மில் ஒரு மதியம் எடுத்த படம் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. கருப்பான பின்னலில் மல்லிகைச் சரம், மொட்டை வெயில், எஃப் 1.8. ஃபோகஸ் நடுவிலிருந்த பூக்களில். கேமராவுக்குக் கிட்டே இருந்த பூக்களின் ஓரத்தில் கத்தரிப்பூ நிறம், தள்ளியிருந்த பூக்களின் ஓரத்தில் இளம்பச்சை. "என்னடா, மல்லிகைக்குச் சாயம் போட்டிருக்கிறாயா?" என்று வீட்டில் கேட்டார்கள். லென்ஸ் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

கெடவில்லை. பள்ளியில் முப்பட்டகத்தை வெயிலில் பிடித்து வானவில் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு நிறத்தையும் கண்ணாடி ஒவ்வொரு அளவில் வளைக்கிறது, நீலத்தை அதிகமாக, சிவப்பைக் குறைவாக. நிறப்பிரிகை என்று பாடத்தில் வந்தது. லென்ஸும் கண்ணாடிதான். ஆகவே ஒற்றைக் கண்ணாடி லென்ஸில் நீலம் கிட்டேயும் சிவப்பு தூரத்திலும் குவியும், எல்லா நிறமும் ஒரே இடத்தில் குவியாது. இந்தக் குறைக்கு நிறப்பிறழ்ச்சி என்று பெயர். இதைத் தீர்க்கவே முடியாது என்று நியூட்டனே நம்பினார், அதனால்தான் கண்ணாடி லென்ஸை விட்டுவிட்டு ஆடி வைத்துத் தொலைநோக்கி செய்தார். ஆனால் இரண்டு வகைக் கண்ணாடிகளைச் சேர்த்தால், ஒன்று பிரித்ததை மற்றது பெருமளவு சேர்த்துவிடும் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். 1758இல் லண்டனில் ஜான் டாலண்ட் இதற்குக் காப்புரிமை வாங்கினார்.

'பெருமளவு' என்பதுதான் இங்கே முக்கியம். இரண்டு கண்ணாடியை வைத்து இரண்டு நிறங்களை ஒரே இடத்துக்கு இழுத்துவரலாம், மூன்றாவது அடங்காது. சாதாரண லென்ஸில் சிவப்பும் நீலமும் ஓரிடத்தில் குவிய, பச்சை மட்டும் இம்மியளவு முன்னால் குவிந்துவிடும். ஃபோகஸ் ஆன இடத்தில் இது கண்ணுக்கே தெரியாது. மங்கிய இடத்தில்தான் தெரியும், ஏன் என்று நம் நாணயத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

தூரத்து விளக்கு படத்தில் ஒரு வட்டமாக விழுகிறது என்றேன். உண்மையில் அது மூன்று வட்டங்கள், சிவப்பு, பச்சை, நீலம், ஒன்றன்மேல் ஒன்றாக. பின்னணியில் உள்ள பொருளின் ஒளி சென்சாருக்கு முன்பாகவே குவிந்து, மறுபடி விரிந்து சென்சாரை அடைகிறது. பச்சை இன்னும் முன்னால் குவிந்துவிடுவதால் அதிகம் விரிந்துவிடுகிறது. பச்சைத் தட்டின் மேல் அதைவிடக் கொஞ்சம் சின்னச் சிவப்புத் தட்டையும் நீலத் தட்டையும் அடுக்கிய மாதிரி: நடுவில் மூன்றும் சேர்ந்து வெள்ளை, விளிம்பில் பச்சை மட்டும் எட்டிப் பார்க்கும். முன்னணியில் உள்ள பொருளுக்கு எல்லாம் தலைகீழ். அங்கே சிவப்பும் நீலமும்தான் பெரிய தட்டு, ஆகவே விளிம்பில் இரண்டும் கலந்த கத்தரிப்பூ நிறம். பின்னால் பச்சை, முன்னால் ஊதா, என் மல்லிகைச் சரத்தில் இருந்த அதே வரிசை.

இந்த வகைக்கு அச்சுவழி நிறப்பிறழ்ச்சி என்று பெயர், லென்ஸின் அச்சு நெடுக, முன்னும் பின்னுமாக நிறங்கள் பிரிவதால். பார்த்தீர்களா, இது மங்கலிலிருந்து தனியாக வந்த நோய் இல்லை, மங்கலின் விளிம்பேதான். விளிம்பு கரைந்துபோகும் லென்ஸில் இந்தப் பச்சையும் கூடவே கரைந்து கண்ணில் படாது, சோப்புக் குமிழி விளிம்பு உள்ள லென்ஸில் அதே அளவு பச்சை பளிச்சென்று கோடு போட்டுக் காட்டும். இரண்டையும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிடுவது எனக்கு அவ்வளவாக ஒப்புவதில்லை, அதற்குக் காரணம் இதுதான்.

ஓட்டையைச் சுருக்கினால் மூன்று தட்டுகளும் சேர்ந்து சுருங்கும், அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசமும் சுருங்கும். எஃப் 1.8இல் கத்துகிற நிறம் 2.8இல் முணுமுணுக்கும், 4இல் பெரும்பாலும் தேடித்தான் பார்க்க வேண்டும். கூடவே மங்கலும் போய்விடும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

மூலையில் மட்டும் வரும் இன்னொரு நிறம்

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று பக்கவாட்டு நிறப்பிறழ்ச்சி. இங்கே நிறங்கள் முன்பின்னாகப் பிரிவதில்லை, ஒவ்வொரு நிறத்தின் பிம்பமும் சற்றே வேறு அளவில் விழுகிறது, மூன்று நிறத்தையும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று பொருத்தாமல் அச்சடித்த பழைய வாரப் பத்திரிகை அட்டை மாதிரி. படத்தின் நடுவில் இது அறவே இருக்காது, மூலைக்குப் போகப் போகக் கூடும், கூர்மையாக ஃபோகஸ் ஆன இடத்திலும் வரும், ஓட்டையைச் சுருக்கினாலும் போகாது. நடுவில் நிற ஓரம் தெரிகிறதா, நிச்சயமாக இது இல்லை.

50 எம்எம் லென்ஸ்களில் இது குறைவு, அதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. பெரும்பாலான மலிவு 50 எம்எம் லென்ஸ்களின் வடிவம் நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப் 1896இல் வடிவமைத்த பிளானர் லென்ஸின் வழித்தோன்றல்கள் அவை. நடுவில் ஓட்டை, அதன் இருபுறமும் கண்ணாடியில் பார்த்த பிம்பம் போல ஏறக்குறைய ஒரே அடுக்கு. முன்பாதி செய்யும் பக்கவாட்டுத் தவற்றைப் பின்பாதி எதிர்த்திசையில் செய்து ரத்து செய்துவிடும். ஆனால் அச்சுவழித் தவறு இப்படி ரத்தாகாது, இரண்டு பாதியும் சேர்ந்து கூட்டிக்கொள்ளும். பெரிய ஓட்டை, எளிய வடிவம், ரத்தாகாத தவறு: 50 எம்எம் 1.8 என்றாலே பச்சையும் ஊதாவும் என்று ஆனதற்கு இந்த மூன்றும்தான் காரணம்.

ஆக, அடையாளம் காண்பது சுலபம். மங்கிய இடத்தில், படத்தில் எங்கு வேண்டுமானாலும், முன்னால் ஊதா பின்னால் பச்சை என்றால் அச்சுவழி. மூலைகளில் மட்டும், ஒரு பக்கம் ஒரு நிறமும் எதிர்ப்பக்கம் வேறு நிறமும் என்றால் பக்கவாட்டு.

ஒரே 50, மூன்று விதமான தீர்வு

கேனானின் 2015 மாடல் 50 எம்எம் 1.8இல் ஆறு கண்ணாடிகள், எடை 160 கிராம் அளவு. மேலே சொன்ன பழைய வடிவம்தான், முழுத் திறப்பில் ஓரங்களில் நிறம் வரும், விலையை நினைத்தால் மன்னித்துவிடலாம். 2018இல் நிக்கான் தன் மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத) கேமராக்களுக்குக் கொண்டுவந்த இசட் 50 எம்எம் 1.8 எஸ் லென்ஸில் பன்னிரண்டு கண்ணாடிகள், அவற்றில் இரண்டு நிறப்பிரிகை குறைந்த சிறப்பு வகை. எடை 415 கிராம். இரண்டிலும் ஓட்டை அதே பத்து ரூபாய் நாணயம்! மங்கலின் அளவில் ஒரு வித்தியாசமும் கிடையாது. கூடுதல் கண்ணாடியும் எடையும் பணமும் போனது நாணயத்தின் விளிம்பைச் சுத்தம் செய்யத்தான்.

அதற்கும் மேலே போனால் 'ஏப்போ' என்று பெயரில் போட்டுக்கொள்ளும் லென்ஸ்கள். மூன்று நிறங்களையும் ஒரே இடத்துக்கு இழுத்துவந்த வடிவம் என்று அர்த்தம். ஸைஸ் நிறுவனத்தில் எர்ன்ஸ்ட் ஆபே இதை 1886இலேயே நுண்ணோக்கிக்குச் செய்துவிட்டார், ஸ்டாண்டர்ட் கேமரா லென்ஸுக்கு இந்த அளவு சுத்தம் வர நூறு வருஷத்துக்கும் மேலானது. 2013இல் வந்த ஸைஸ் ஓட்டஸ் 55 எம்எம் 1.4 ஏறக்குறைய ஒரு கிலோ, ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. 2019இல் வந்த ஃபோக்ட்லாண்டர் ஏப்போ-லாந்தர் 50 எம்எம் வேறு வழியில் போனது: எஃப் 2 போதும் என்று ஓட்டையை 25 மி.மீ.க்குக் குறைத்து, சின்ன உடம்பிலேயே நிறத்தைக் கிட்டத்தட்ட இல்லாமல் செய்துவிட்டார்கள். இதிலும் கையால்தான் ஃபோகஸ். எண்ணில் பெரிய ஓட்டைதான் உயர்ந்த லென்ஸ் என்று நினைப்பவர்கள் இந்த எஃப் 2 லென்ஸின் விலையைக் கேட்டால் கொஞ்சம் திகைப்பார்கள்.

வீட்டிலேயே ஒப்பிட

நண்பரிடம் வேறொரு 50 எம்எம் இருந்தால் ஒரு மாலை நேரம் போதும். முதலில் ஒரு நாளிதழை மேசையில் விரித்து, சாய்வாகப் பார்த்து, நடுவில் ஒரு வரியில் ஃபோகஸ் செய்து முழுத் திறப்பில் எடுங்கள். கிட்டே உள்ள வரிகளில் எழுத்துகளின் ஓரம் ஊதாவாகவும், தள்ளியுள்ள வரிகளில் பச்சையாகவும் மாறுவது தெரியும். எவ்வளவு மாறுகிறது என்பதுதான் ஒப்பீடு. வெளிச்சத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள், ஒரு லென்ஸுக்கு மஞ்சளும் மற்றதுக்கு நீலமும் கூட்டி உங்களைக் குழப்பிவிடும்.

அடுத்து விளக்குகள். சீரியல் பல்பு போதும், ஆனால் வெள்ளை நிறத்தில் எரிவதாக இருக்கட்டும். பச்சை பல்பிலும் சிவப்பு பல்பிலும் ஒரே நிறம்தான் இருக்கிறது, அங்கே போய் நிற ஓரம் தேடுவது வீண். பல்புச் சரத்தை அறைக்கு வெளியே தூரத்தில் தொங்கவிட்டு, கிட்டே ஒரு சொம்பை வைத்து ஃபோகஸ் செய்து, கேமராவை ஸ்டாண்டில் வைத்து, இரண்டு லென்ஸிலும் ஒரே எஃப் எண்ணில் எடுங்கள். நிறையப் பேர் தவறுவது இங்கேதான்: 1.4 லென்ஸை 1.4இலும் 1.8 லென்ஸை 1.8இலும் எடுத்துவிட்டு, முதலாவதில் நிறம் அதிகம் என்று தீர்ப்புச் சொல்வார்கள். பெரிய நாணயத்தையும் சின்ன நாணயத்தையும் வைத்து விளிம்பை எப்படி ஒப்பிடுவது? இரண்டையும் 1.8இல் வையுங்கள். நடுவில் உள்ள வட்டத்தைத் தனியாகவும் மூலையில் உள்ளதைத் தனியாகவும் பாருங்கள். கேமராவுக்குள் இருக்கும் லென்ஸ் திருத்தங்களை அணைத்துவிட்டு, சென்சாரில் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா (RAW) கோப்பாக எடுப்பது நல்லது, இல்லையென்றால் பக்கவாட்டு நிறத்தைக் கேமராவே துடைத்துவிட்டுத்தான் உங்களிடம் படத்தைக் கொடுக்கும்.

கடைசியாக, திருத்துவது பற்றி. பக்கவாட்டு நிறம் மென்பொருளுக்கு ஒரு பொருட்டே இல்லை, மூன்று நிறப் பிம்பங்களில் ஒன்றைக் கொஞ்சம் இழுத்து மற்றவற்றோடு பொருத்தினால் முடிந்தது, படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் ஒரே ஒரு டிக். அச்சுவழி நிறம் அப்படி இல்லை. அங்கே மென்பொருளுக்குத் தெரிந்த ஒரே வழி, விளிம்புகளில் ஊதாவோ பச்சையோ தெரிந்தால் அந்த நிறத்தை உறிஞ்சிவிடுவது. வெள்ளை மல்லிகைக்கு அது நன்றாகவே வேலை செய்தது, என் படத்தில் பூக்கள் மறுபடி வெள்ளையாயின. ஆனால் அதே படத்தில், தோளில் கிடந்த பட்டுப் புடவைக்குக் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கரை இருந்தது. மென்பொருளுக்கு எது லென்ஸின் ஊதா, எது நெசவாளர் நெய்த ஊதா என்று தெரியாது. கரையின் ஓரம் சாம்பல் பூத்துப் போய்விட்டது, அப்புறம் அந்த இடத்துக்கு மட்டும் பிரஷ்ஷை எடுத்துத் திருத்தத்தை அழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.